பரண் மேல் இருக்கும் ரேடியோ மறுபடி பேசுமா?

உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கிறது? ஈயம் போன பித்தளை அண்டா, கால் உடைந்த தொட்டில், கல்யாணத்துக்கு வந்த டிபன் காரியர்... இவற்றுக்கு நடுவே பழைய புடவையில் மூட்டை கட்டி ஒரு ரேடியோப் பெட்டியும் இருந்தாலும் இருக்கும். தாத்தாவோ, மாமனாரோ ஆசை ஆசையாக வாங்கியது. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்க ஏறும்போதெல்லாம், "இதை என்னதான் செய்வது?" என்று ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கி விடுவோம். எடைக்குப் போட மனசு வராது. கீழே வைக்க இடம் இருக்காது!

அந்தப் பெட்டியை மறுபடி பேச வைக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் சகோதரிகளே, ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன். பரணிலிருந்து இறக்கியதும், "பாடுகிறதா பார்ப்போமே" என்று பிளக்கைச் சொருகி விடாதீர்கள். வருஷக் கணக்கில் தூங்கிய ரேடியோவைத் திடீரென்று எழுப்பினால் அது ரேடியோவுக்கும் ஆபத்து, வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. ஏன் என்பதை எனக்கு ஒரு ரேடியோ மெக்கானிக் பெரியவர் பொறுமையாக விளக்கினார். அதை உங்களுக்கும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அத்தைக்கு வேண்டியிருந்தது

நாங்கள் திருச்சி உறையூரில் இருக்கிறோம். 2019-ல் பழைய வீட்டைக் காலி செய்து சின்ன வீட்டுக்கு மாறினோம். அப்போதுதான் பரணிலிருந்து அந்த வால்வு ரேடியோ இறங்கியது. என் மாமனார் 1965-ல், கல்யாணமான வருஷம் வாங்கியதாம். தேக்குப் பலகைப் பெட்டி, முன்னால் நீளமாகக் கண்ணாடி டயல். மூட்டைக்குள் ரேடியோ லைசென்ஸ் புத்தகம்கூட இருந்தது. தபாலாபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டிய முத்திரைகள் வரிசையாக இருந்தன. இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், ரேடியோ கேட்க லைசென்ஸ் வேண்டுமென்ற சட்டம் எண்பதுகளின் நடுவில்தான் முழுசாகப் போனது.

பழைய பேப்பர்க்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு 150 ரூபாய் என்றார். என் கணவர் சரியென்று தலையாட்டப் போனார். உள்ளேயிருந்து என் மாமியார், "ஏம்மா, ரேடியோவா இறக்கியிருக்கீங்க? இங்க கொண்டா, கையால ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கறேன்" என்றார்.

கையால் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அத்தைக்குக் கண் நீர் அழுத்த நோய். தெரிய வருவதற்குள் பார்வை பெரும்பகுதி போய் விட்டது. இந்த நோயில் போன பார்வை திரும்ப வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. அதனால்தான் 40 வயதானால், வலி இல்லாவிட்டாலும் கண்ணில் அழுத்தம் பார்த்துக் கொள்ளச் சொல்கிறார்கள். டி.வி. அவருக்குப் பயனில்லை. செல்போனில் பாட்டு வைத்துக் கொடுத்தால், விரல் எங்கேயோ பட்டு அது வேறு எங்கேயோ போய் விடும். "எனக்கு ஒரு திருகு வேணும்மா. திருப்பினா பாடணும், திருப்பினா நிக்கணும்" என்பார். மாமனார் போன பிறகு பகல் முழுக்கப் பேச்சில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், அன்றைக்குத்தான் தானாக வாய் திறந்து ஒரு பொருளைக் கேட்டார். பேப்பர்க்காரரை அனுப்பி விட்டேன்.

அந்தத் தலைமுறைக்கு ரேடியோ என்றால் என்னவென்று நமக்கு முழுசாகத் தெரியாது. திருச்சி வானொலி நிலையம் 1939-ல் ஆரம்பித்தது. 1952-ல் பி.வி. கேஸ்கர் செய்தித்துறை அமைச்சரான பிறகு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அரிதாகி விட, தமிழ்நாட்டு வீடுகள் இலங்கை வானொலிக்குத் திரும்பின. 1957-ல் விவித பாரதி வந்த பிறகும் கொழும்பு மோகம் குறையவில்லை. சமையல், துவையல், பிள்ளை தூங்கப் பண்ணுவது எல்லாமே ரேடியோவின் நேரத்தை வைத்துத்தான் நடந்தன.

ஏன் உடனே சொருகக் கூடாது?

பாலிடெக்னிக் படிக்கும் என் மூத்தார் மகன், "சித்தி, ஒரே நிமிஷம். போட்டுப் பார்த்துடறேன்" என்று ஒயரைக் கையில் எடுத்து விட்டான். ரப்பர் உறை காய்ந்து, எலி கடித்து, உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. "வேண்டாம்ப்பா, தெரிஞ்சவங்ககிட்ட காட்டுவோம்" என்று நிறுத்தினேன். விசாரித்ததில், ஒரு சந்துக்குள் 50 வருஷமாக ரேடியோ ரிப்பேர் செய்யும் பெரியவர் இருப்பதாகத் தெரிந்தது. ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டு போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, இதைக் கரண்ட்ல சொருகினீங்களா?"

"இல்லைங்க ஐயா."

"நல்ல காரியம் பண்ணினீங்க. பாதிப் பேர் சொருகிப் பார்த்து, புகை வந்த பிறகுதான் இங்க தூக்கிட்டு வராங்க."

காரணத்தை நமக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். ரேடியோவுக்குள் கண்டென்சர் என்று சின்னச் சின்ன உருளைகள் இருக்கின்றன. மின்சாரத்தைச் சேமித்து, வேண்டாத இடத்துக்குப் போகாமல் தடுப்பது அவற்றின் வேலை. பழைய காலத்தவை காகிதத்தைச் சுருட்டி மெழுகில் தோய்த்துச் செய்தவை. வருஷம் ஆக ஆகக் காகிதம் ஈரத்தை உறிஞ்சிக் கொள்கிறது. தடுக்க வேண்டிய மின்சாரத்தை அது கசிய விடுகிறது. அந்தக் கசிவு கடைசி வால்வுக்குப் போனால் வால்வு சிவக்கச் சூடாகும். அதோடு சேர்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மரும் கருகும். கிடைப்பதற்கு அரிய அந்த இரண்டும், சில ரூபாய் பெறும் ஒரு கண்டென்சரால் பலியாகின்றன!

பெரிய உருளைக் கண்டென்சர்கள் இன்னொரு வகை. அவற்றுக்குள் ரசாயனத் திரவம் இருக்கும். உபயோகிக்காமல் கிடந்தால் அது காய்ந்து போகும், உள்ளே இருக்கும் மெல்லிய காப்புப் படலமும் கெட்டு விடும். திடீரென்று முழு மின்சாரம் பாய்ந்தால் சூடாகி, வாயு உண்டாகி, வெடிக்கவும் செய்யும். பத்து வருஷம் பரணில் கிடந்த பிரஷர் குக்கரை, காஸ்கெட்டும் வால்வும் பார்க்காமல் அடுப்பில் ஏற்றுவோமா? அந்த மாதிரிதான் இதுவும்.

அவர் என்ன செய்தார்? முதலில் கெட்ட ஒயரை மாற்றினார். பிறகு கண்டென்சர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, கசிந்தவற்றையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிது போட்டார். அதன் பிறகும் நேராகச் சொருகவில்லை. ஒரு பழைய குண்டு பல்பை நடுவில் வைத்து, அதன் வழியாக ரேடியோவுக்கு மின்சாரம் கொடுத்தார். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ரேடியோ தப்பித்துக் கொள்ளும். முதலில் பிரகாசித்துப் பிறகு மங்கினால் பரவாயில்லை, மேலே போகலாம். எல்.இ.டி. பல்பில் இந்தச் சோதனை நடக்காதாம். எவ்வளவு எளிய யுக்தி பாருங்கள்! ஆனால் இது மெக்கானிக்கின் மேஜையில் நடக்க வேண்டியது. நாம் வீட்டில் செய்து பார்க்க வேண்டியதில்லை.

"வீட்டில் சின்னக் குழந்தை இருக்கா?"

இது அவர் கேட்ட இரண்டாவது கேள்வி. எனக்கு அப்போது 2 வயதில் ஒரு பையன். எதைக் கண்டாலும் ஓடிப் போய்த் திருகுகிற வயசு. "இருக்கான்" என்றேன். பெரியவர் பின் மூடியைக் கழற்றி, வால்வுகளின் மேல் எழுதியிருந்ததை டார்ச் அடித்துக் காட்டினார். யு.சி.எச். 81, யு.பி.எஃப். 89, யு.சி.எல். 82...

"எல்லாம் 'யு'-ன்னு ஆரம்பிக்குது பாருங்க. இது ஏ.சி., டி.சி. ரெண்டுலயும் ஓடற செட். இதுதான் யோசிக்க வேண்டியது" என்றார்.

அந்தக் காலத்தில் சில ஊர்களில் டி.சி. மின்சாரம் இருந்தது. இரண்டு வகையிலும் ஓடட்டும் என்று இப்படிச் செய்தார்கள். இந்த செட்டுகளில், வீட்டு மின்சாரத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் மெயின் டிரான்ஸ்பார்மர் கிடையாது. திருவிழா சீரியல் லைட் மாதிரி வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, நேராக மெயின் லைனிலேயே இணைத்திருப்பார்கள். அதனால்தான் ஒரு வால்வு போனால் எல்லாமே இருட்டாகி விடும். அது மட்டுமல்ல, உள்ளே எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் இரும்புத் தகடு மெயின் லைனின் ஒரு முனையோடு சேர்ந்தே இருக்கும். இரட்டைப் பின் பிளக்கை ஒரு பக்கமாகச் சொருகினால் தகட்டில் ஒன்றும் தெரியாது. திருப்பிச் சொருகினால் 230 வோல்ட் முழுசாகத் தகட்டில் வந்து நிற்கும்! ரேடியோவின் ஸ்விட்சை அணைத்திருந்தால்கூடச் சில சமயம் நிற்கும்.

பெட்டி மரம், நாப் பேக்லைட் என்பதால் வெளியே தெரியாமல் இருந்தது. ஆனால் எங்கள் ரேடியோவில் ஒரு நாப் விழுந்து போய், வெறும் இரும்புத் தண்டு நீட்டிக் கொண்டிருந்தது. அந்தத் தண்டு தகட்டோடு சேர்ந்தது. நாப் இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் குட்டித் திருகாணி வழியாகக் கையில் அடிக்கலாம். அதற்காகத்தான் அந்தத் திருகாணிக் குழியை மெழுகு வைத்து மூடி அனுப்புவார்களாம்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். "அதான் விஷயமா! அதைத் தொட்டா சில நாளு சுருக்குனு இருக்கும். மரப் பலகை மேல நின்னு திருகுன்னு உங்க மாமா சொல்லுவாரு. ரேடியோன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனைச்சுக்கிட்டேன்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. இத்தனை வருஷம் எந்தத் தெய்வம் காப்பாற்றியதோ!

பெரியவர் ஒரு வழி சொன்னார். ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில், 230 வோல்ட் வாங்கி 230 வோல்ட்டே கொடுக்கும் தனிப்பிரிப்பு டிரான்ஸ்பார்மர் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். அப்போது ரேடியோவுக்கும் மெயின் லைனுக்கும் நேரடித் தொடர்பு அறுந்து விடும். விழுந்த நாப்புக்கு வேறு நாப், பின் மூடிக்கு நான்கு திருகாணி, புது ஒயர், ஃபியூஸ். எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய் ஆகும்.

என் கணவர் போனில், "டிரான்ஸ்பார்மர் இல்லாம, கண்டென்சர் மட்டும் மாத்திக் கொடுக்கச் சொல்லேன்" என்றார். கேட்டேன். பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்படின்னா வேணாம்மா, எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. கண்ணு தெரியாத அம்மாவும் கைக்குழந்தையும் இருக்கற வீட்டுக்கு அப்படிச் செஞ்சு கொடுக்க என் மனசு ஒப்பாது."

அத்தையும் விட்டுக் கொடுத்தார். "பிள்ளைக்கு ஆபத்துன்னா எனக்கு அது வேண்டாம்மா. எடைக்கே போட்டுடு." சொல்லிவிட்டுப் பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிக் கொண்டார். அந்த மாதச் சீட்டுப் பணத்தில் 4,200-ஐ எண்ணிப் பெரியவரிடம் கொடுத்து விட்டு வந்தேன்.

வால்வு எழுத்தை நீங்களும் பார்த்து வைத்துக் கொள்ளுங்கள். பிளக்கைச் சொருகாமல், எதையும் தொடாமல், பின் மூடியின் துவாரம் வழியாக டார்ச் அடித்தாலே தெரியும். 'யு' என்று ஆரம்பித்தால் மெக்கானிக்கிடம் முதலில் இதைத்தான் பேச வேண்டும். 'இ' என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் மெயின் டிரான்ஸ்பார்மர் உள்ள செட். ஆனால் அதிலும் உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும் என்பதால் அஜாக்கிரதை கூடாது.

நம் கையால் செய்யக் கூடியவை

மெக்கானிக்கிடம் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் நமக்கு நிறைய வேலை உண்டு. எல்லாமே பிளக் சொருகாதபோதுதான்.

முதலில் தூசி. பரணில் கிடந்த பெட்டிக்குள் எலிப் புழுக்கையும் கரப்பான் முட்டையும் கட்டாயம் இருக்கும். எலிக் காய்ச்சல் எலி மூத்திரத்தால் பரவுவது. ஆகவே மூக்கையும் வாயையும் மூடி, கைக்கு உறை போட்டு, மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்துச் சுத்தம் செய்யுங்கள். குழந்தைகளை உள்ளே அனுப்பி விடுங்கள். வெளிப்புறத்தை மட்டும் துடையுங்கள். உள்புறத்தை மெக்கானிக் ஊதி எடுக்கட்டும். சில ரேடியோக்களில் சூடாகும் வால்வுக்கு மேலே வெள்ளையாக ஆஸ்பெஸ்டாஸ் அட்டை வைத்திருப்பார்கள். அதைச் சுரண்டக் கூடாது, அதன் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

மரப் பெட்டியை நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பலகையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய மரத் தகடு தண்ணீர் பட்டால் எழும்பி விடும். கரையான் அரித்திருந்தால் தச்சரிடம் காட்டுங்கள். பேக்லைட் பெட்டியானால் மெல்லிய சோப்பு நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, பிறகு மெருகு ஏற்றலாம்.

டயல் கண்ணாடியில் எல்லாரும் ஏமாந்து போவார்கள். ஊர்ப் பெயர்களும் எண்களும் கண்ணாடியின் உள்பக்கம் அச்சிடப்பட்டவை. ஈரத் துணி பட்டால் கொழும்பும் திருச்சியும் துணியோடு வந்து விடும்! வெளிப்பக்கம் மட்டும் துடைத்து, உள்பக்கத்தை மிருதுவான பிரஷ்ஷால் லேசாகத் தட்டி விடுங்கள். ஒலிபெருக்கித் துணியையும் பிரஷ்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் இருப்பது காகிதக் கூம்பு, விரல் பட்டால் கிழியும்.

நாப்புகளைக் கழற்றிக் கொடுத்தால், பழைய பல் பிரஷ்ஷும் சோப்பு நீரும் போதும். பள்ளங்களில் 50 வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். ஒரு கிண்ணத்தில் எண்ணி வையுங்கள், ஒன்று தொலைந்தால் அதே ஜோடி கிடைக்காது.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கலாம்?

வால்வு தெரிந்தவர்கள் குறைந்து விட்டார்கள். ஆனாலும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். சென்னைவாசிகள் ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். பழைய இசைத்தட்டுக்கும் ரேடியோ சாமானுக்கும் பேர் போன மூர் மார்க்கெட் 1985-ல் தீயில் போய் விட்டது.

"அசல் வால்வு இருக்கிறதா, அதே வகை கிடைக்குமா?" என்று கேளுங்கள். "உள்ளே எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புது எஃப்.எம். போர்டு வைத்துத் தருகிறேன், சீப்பாக முடியும்" என்று சிலர் சொல்வார்கள். பெட்டி மட்டும் போதுமென்றால் சரி. அசல் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி விடுங்கள். மாற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

செலவு செய்வதற்கு முன் இன்னொன்று. நம் ஊரில் அந்தக் காலத்தில் விற்ற வால்வு ரேடியோக்களில் எஃப்.எம். கிடையாது. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பே 1977-ல் சென்னையில்தான் வந்தது. மீடியம் வேவ் நிலையங்களும் பல ஊர்களில் மூடப்பட்டு வருகின்றன. ஆகவே ஒரு சின்ன டிரான்சிஸ்டரைக் கடன் வாங்கி, உங்கள் வீட்டில் மீடியம் வேவ் கேட்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். கேட்காவிட்டாலும் வழி உண்டு. இசைத்தட்டுப் பெட்டியை இணைப்பதற்காகப் பின்னால் ஒரு துளை வைத்திருப்பார்கள். அதில் செல்போனை இணைத்துக் கேட்கலாம். ஆனால் 'யு' வகை செட்டில் தனிப்பிரிப்பு டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அப்படி இணைத்தால் செல்போன் பிடித்த கையில் மின்சாரம் பாயும். மெக்கானிக்கைக் கேட்காமல் செய்யவே கூடாது.

மூன்று வாரம் கழித்து ரேடியோ வந்தது. 11 கண்டென்சர், ஒரு வால்வு, டயல் முள்ளை இழுக்கும் நூல் எல்லாம் புதிது. வால்வு செட் போட்டதும் பேசாது. சூடேற அரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். "கெட்டுப் போச்சா?" என்று என் கணவர் கேட்பதற்குள் அத்தை, "இருப்பா, அவசரப்படாத. அது மெதுவாத்தான் முழிக்கும்" என்றார். முதலில் உறுமல், பிறகு இரைச்சல், பிறகு திருச்சி நிலையம்! அத்தை நாப்பைப் பிடித்துக் கொண்டு, "இங்கேருந்து ஒண்ணரைச் சுத்து திருப்பினா அந்தக் காலத்துல கொழும்பு" என்று யாரையும் கேட்காமல் சொன்னார். 54 வருஷத்துக் கணக்கு விரலில் இருந்தது.

கண் பார்வை வரவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் தானே போய் ஒன்றைத் திருகி, நாள் என்ன, நேரம் என்ன என்று தெரிந்து கொள்கிற சுதந்திரம் வந்தது. மத்தியானம் கேட்டதை ராத்திரி எங்களிடம் சொல்ல அவருக்கு விஷயம் இருந்தது. வயதானவர்களுக்கு மாத்திரை எவ்வளவு முக்கியமோ, அந்த அளவுக்கு இதுவும் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய டி.வி. என்றால்?

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. கலர் வந்தது 1982-ல். ஷட்டர் கதவு வைத்த கறுப்பு வெள்ளை டி.வி. இன்னும் சில வீடுகளில் உண்டு. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே கூடிய பெட்டியாயிற்றே!

ஆனால் ரேடியோவைவிட இது பல மடங்கு அபாயம். பிக்சர் ட்யூபுக்குப் போகும் மின்சாரம் கறுப்பு வெள்ளையில் சுமார் 15,000 வோல்ட், கலரில் 25,000 வரைகூட. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூபில் அது தங்கியிருக்கும். ஆகவே பின் மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள். ட்யூப் உள்ளே வெற்றிடம்; உடைந்தால் கண்ணாடி சிதறும். டி.வி. பெட்டியை அலமாரியாகவோ மீன் தொட்டியாகவோ மாற்ற ஆசை இருந்தால், ட்யூபை மெக்கானிக்தான் எடுத்துத் தர வேண்டும்.

தூர்தர்ஷனின் பழைய முறை ஒளிபரப்பு அநேகமாக எல்லா ஊரிலும் 2022-க்குள் நின்று விட்டதால், மொட்டை மாடி ஆன்டெனாவில் படம் வராது. செட்-டாப் பாக்ஸ் வேண்டும். மிகப் பழைய செட்டானால், அதற்கும் டி.வி.க்கும் நடுவில் இன்னொரு கருவி வேண்டியிருக்கும். அவ்வளவு பாடு தேவைதானா என்று யோசித்துக் கொள்ளுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 21 அங்குலப் பழைய கலர் டி.வி. 20 கிலோவுக்கு மேல் இருக்கும். அந்தக் கனமெல்லாம் முன்பக்கக் கண்ணாடியில். அதை மேஜை டிராயர் மேல் வைத்து, குழந்தை டிராயரில் கால் வைத்து ஏறினால் டி.வி. அப்படியே குழந்தையின் மேல் சாயும். வைத்துக் கொள்வதானால் அகலமான, தாழ்ந்த பலகையில் சுவரோடு கட்டி வையுங்கள். வேண்டாமென்றால் குப்பையில் போடாமல் மின் கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுங்கள். ட்யூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

டேப்ரிக்கார்டரில் இருக்கும் குரல்

கேசட் விஷயத்தில் கருவியைவிட உள்ளே இருக்கும் குரல்தான் சொத்து. பாட்டியின் தாலாட்டு, பிள்ளை முதன்முதலாகச் சொன்ன "அம்மா", சீமந்தத்தில் பாடிய நலங்குப் பாட்டு... ஒரு கேசட் அறுந்தால் அந்தக் குரல் திரும்ப வராது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் போட்டுப் பார்க்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் சில்லுகளை உடைத்து விட்டால், யாரும் தெரியாமல் மேலே பதிவு செய்ய முடியாது. ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், காந்தம் பதிவைக் கெடுக்கும். டேப்ரிக்கார்டர் ஓடாததற்குப் பெரும்பாலும் உள்ளே ரப்பர் பெல்ட் தொய்ந்து போனதுதான் காரணம். அதிகச் செலவில்லை. ஓட ஆரம்பித்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டருக்கோ செல்போனுக்கோ நகல் எடுத்து விடுங்கள்.

இசைத்தட்டில் இரண்டு வகை. 78 சுற்று வேகத்தில் ஓடும் கனமான பழைய தட்டு அரக்கால் ஆனது. ஸ்பிரிட்டால் துடைத்தால் கரைந்து போகும்! பின்னால் வந்த எல்.பி. பிளாஸ்டிக். எதுவானாலும் நெட்டுக்குத்தாக நிறுத்தி வையுங்கள், ஒன்றன் மேல் ஒன்று அடுக்கக் கூடாது.

வீட்டில் ரிப்பேர் செய்கிறவர் இருந்தால்

கணவருக்கோ பிள்ளைக்கோ இதில் ஆசை இருந்தால் நல்லதுதான். ஆனால் சாப்பாட்டு மேஜையில் சால்டரிங் வேண்டாம். அந்தப் பற்றில் ஈயம் இருக்கிறது. ஈயம் உடம்பில் சேர, குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த அறையில் இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்கலாம். புகை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப் போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக் கட்டையால் ஒயரைத் தள்ளி விடுங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். எழுந்து நன்றாகப் பேசினாலும் டாக்டரிடம் காட்டுவதுதான் நல்லது.

ரேடியோவை உபயோகிக்கும்போதும் இரண்டு வழக்கம் வேண்டும். கேட்டு முடித்ததும் சுவர் ஸ்விட்சை அணைத்து விடுங்கள். பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடம் விடுங்கள். வால்வு சூட்டுக்குக் காற்று வேண்டும். மேலே பூ ஜாடியோ தண்ணீர்ச் சொம்போ வைக்காதீர்கள்.

என்ன, பரணைப் பார்க்கக் கிளம்பி விட்டீர்களா? போய் வாருங்கள். ஸ்டூலை யாராவது ஒருவர் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளட்டும். பெட்டி கீழே வந்ததும் முதல் காரியமாக ஒயரைச் சுருட்டி நூலால் கட்டி, பிளக் யார் கைக்கும் எட்டாதபடி வைத்து விடுங்கள். மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகு அவிழ்த்துக் கொள்ளலாம்!